புலம்பெயர்ந்தோரின் அலைவரிசையில் ஒரு கால்பந்து வீரர்

கால்பந்து வீரரின் தொழில் ஆயுள் மிகக் குறைவு. முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலோர் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். பாதி வாழ்க்கைக்கு மேல் மிச்சம் இருக்கும்போது, பதின்பருவம் முதல் கற்ற ஒரே தொழில் கையை விட்டுப் போய்விடுகிறது. எல்லாருக்கும் கொடுக்கும் அளவுக்குப் பயிற்சியாளர் பதவிகள் இல்லை. தொலைக்காட்சிதான் சிலருக்கு மறுவாழ்வு தருகிறது. தெரிந்த முகம், களத்தில் நின்றவர் என்ற தகுதி, ஆட்டத்தின் இடைவேளையில் சில நிமிடம் பேசும் திறமை ஆகியவை இருந்தால் அந்த நாற்காலி கிடைக்கும். அதில் அமர்ந்தவர்கள் அறக்கட்டளை தொடங்குவதும், நன்கொடை திரட்டும் காட்சி ஆட்டங்களில் தலைகாட்டுவதும் வழக்கம். அவை நல்ல காரியங்கள். ஆனால் அவற்றுக்காக யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் கிரேக் ஃபாஸ்டர் பகைத்துக்கொண்டார். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரையும், பஹ்ரைன் அரசையும், தாய்லாந்து அரசையும், அகதிகள் விஷயத்தில் தன் நாட்டு அரசையும் எதிர்த்துப் பேசினார். முன்னாள் வீரர் ஒருவர் வர்ணனையாளராகி, பிறகு மனித உரிமைப் பணிக்கு வந்தார் என்று அவர் கதையை ஒரு வரியில் முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் நடுவில் இருக்கும் முக்கியமான பகுதி விட்டுப்போகும். புகழ் சம்பாதித்துவிட்டு அதைப் பொதுக்காரியத்துக்குச் செலவிட்டவர் என்று அவரை நான் பார்க்கவில்லை. எந்தச் சங்கங்களில் ஆடினார், எந்த அலைவரிசையில் பேசினார், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார் என்பவைதான் அவருடைய பொதுப்பணியின் வேர் என்பது என் கருத்து.

ஃபாஸ்டர் 1969-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கில் உள்ள லிஸ்மோர் என்ற சிறு நகரில் பிறந்தவர். ஆங்கிலம் மட்டுமே பேசும் நாட்டுப்புறச் சூழல். அந்த நாளைய ஆஸ்திரேலியாவில் ரக்பியும், ஆஸ்திரேலியாவுக்கே உரிய விதிகள் கொண்ட கால்பந்தும், கிரிக்கெட்டும்தான் சொந்த ஆட்டங்கள். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து குடியேறிய இத்தாலியரும் குரோவாசியரும் கிரேக்கரும் ஹங்கேரியரும் செர்பியரும். வாரம் முழுக்கத் தொழிற்சாலையிலும் கட்டுமானத் தளத்திலும் உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சங்கம்தான் ஊர், கோயில், உறவு எல்லாம். 1977-இல் தொடங்கிய தேசிய லீகின் அணிப் பெயர்களே அதைச் சொல்லும்: சிட்னி குரோவாசியா, செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்ட், இத்தாலியர் தொடங்கிய மார்க்கோனி. இந்தப் பெயர்களைச் சகிக்க முடியாதவர்கள் நாட்டில் நிறைய இருந்தார்கள். நாட்டுப் பெயரையும் சின்னத்தையும் கைவிட வேண்டும் என்று சங்கங்களை நிர்வாகமே நெருக்கியது. சிட்னி குரோவாசியா, சிட்னி யுனைடெட் ஆனது.

சிட்னி குரோவாசியாவிலும் மார்க்கோனியிலும் ஆடி வளர்ந்தவர் ஃபாஸ்டர். இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாட்டில் பெரும்பான்மையான ஆங்கில வம்சாவளிக் குடும்பத்துப் பையன், புலம்பெயர்ந்தோர் நடத்தும் சங்கத்தின் உடைமாற்றும் அறையில் சிறுபான்மையாக இருக்கிறான். அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர்களின் தாய்மொழி வேறு. வெற்றி பெற்றால் கட்டிப்பிடிக்கும் பெரியவர்கள் போரையும் அகதி முகாமையும் கண்டு வந்தவர்கள். குடியேறியவர்கள் நம் நாட்டுக்குள் இணைய வேண்டும் என்று அரசியல்வாதிகள் பேசிய காலத்தில், குடியேறியவர்கள் தங்களுக்குள் இணைத்துக்கொண்ட ஓர் ஆஸ்திரேலியர் அவர்.

நடுக்கள வீரரான அவர் பின்னர் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், கிறிஸ்டல் பேலஸ் அணிகளுக்கு ஆடினார். ஆஸ்திரேலிய அணிக்காக 29 ஆட்டங்கள் ஆடி, அணித் தலைவராகவும் இருந்தார். அவற்றில் ஒன்று அந்நாட்டு ரசிகர்கள் நினைவிலிருந்து அழிக்க விரும்பும் ஆட்டம். 1997 நவம்பர் 29, மெல்பர்ன். ஈரானுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. தெஹ்ரானில் நடந்த முதல் ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தது. மெல்பர்னில் எண்பத்தைந்தாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஆஸ்திரேலியா 2-0 என்று முன்னிலை பெற்றது. பிறகு சில நிமிட இடைவெளியில் ஈரான் இரண்டு கோல் போட்டது. ஆட்டம் சமன். வெளி மண்ணில் அடித்த கோலின் கணக்கில் ஈரான் உலகக் கோப்பைக்குப் போனது. அன்று களத்தில் நின்றவர்களில் ஃபாஸ்டரும் ஒருவர். அந்தத் தலைமுறைக்கு உலகக் கோப்பை கிடைக்கவே இல்லை.

ஆட்டத்தை விட்ட பிறகு அவர் வந்து சேர்ந்த இடம் எஸ்பிஎஸ். ஆஸ்திரேலியத் தமிழர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் வானொலியில் தமிழ் ஒலிபரப்பும் உண்டு. 1975-இல் சிட்னியிலும் மெல்பர்னிலும் பல மொழி வானொலி நிலையங்களாகத் தொடங்கி, 1980-இல் தொலைக்காட்சியாகவும் விரிந்த அரசு நிதி பெறும் நிறுவனம் அது. குடியேறியவர்களுக்கு அவர்கள் மொழியில் செய்தி சொல்வதற்காகப் பிறந்தது. பெரிய தனியார் தொலைக்காட்சிகள் சீண்டாத கால்பந்து அதன் மடியில் வந்து விழுந்தது. பார்வையாளர்களில் பலருக்கு அது தாய்நாட்டின் ஆட்டம் அல்லவா? 1986 முதல் உலகக் கோப்பை எஸ்பிஎஸ்ஸின் திருவிழாவானது.

அந்தத் திருவிழாவை நடத்தியவர் லெஸ் மரே. ஹங்கேரியில் லாஸ்லோ ஊர்கே என்ற பெயரில் 1945-இல் பிறந்தவர். 1956-இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் எழுச்சியை நசுக்கிய பிறகு குடும்பத்தோடு எல்லை தாண்டி, 1957-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த அகதிச் சிறுவன். எஸ்பிஎஸ்ஸில் அவர் முதலில் பார்த்த வேலை ஹங்கேரிய நிகழ்ச்சிகளுக்கு ஆங்கிலத் துணைத்தலைப்பு எழுதுவது. அங்கிருந்து கால்பந்து நிகழ்ச்சிகளின் முகமானார். வெளிநாட்டு வீரர்களின் பெயர்களை அந்தந்த மொழியின் ஒலியிலேயே உச்சரிப்பதில் பிடிவாதமாக இருந்தார். தொலைக்காட்சியில் தன் பெயர் முதல்முறை சரியாக ஒலிப்பதைக் கேட்கும் குடும்பத்துக்கு அது என்ன தரும் என்பதை வெளிநாட்டுப் பள்ளிகளில் பெயரைத் தொலைத்த தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் அறிவார்கள்.

மரேவுக்குத் துணையாக அமர்ந்தவர் ஜானி வாரன். 1974-இல் ஆஸ்திரேலியா முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனபோது அந்த அணியில் இருந்தவர். முன்னாள் அணித் தலைவர். சிட்னியில் பிறந்த ஆங்கில வம்சாவளிக்காரர், ஆனால் ஹங்கேரியரின் செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்டில் ஆண்டுக்கணக்கில் ஆடியவர். கால்பந்து ஆடுபவர்கள் மீது ஆஸ்திரேலியச் சமூகம் எறிந்த வசைகளையே தலைப்பாக்கி 2002-இல் தன் வாழ்க்கை நூலை வெளியிட்டார். ஃபாஸ்டர் எஸ்பிஎஸ்ஸுக்கு வந்ததும் ஏறத்தாழ அப்போதுதான். வாரனின் வழித்தடம் அவருக்குப் பொருந்தியதில் வியப்பில்லை. இருவருமே புலம்பெயர்ந்தோரின் சங்கங்களில் ஆளானவர்கள், இருவருமே நாட்டு அணிக்குத் தலைமை தாங்கியவர்கள். வாரன் புற்றுநோயால் 2004 நவம்பரில் இறந்தார்.

அடுத்த ஆண்டு நவம்பர் 16 அன்று சிட்னியில் உருகுவேயை எதிர்த்து நடந்த தகுதிச் சுற்று ஆட்டம் பெனால்டி உதைகள் வரை போனது. ஜான் அலோய்சி அடித்த பந்து வலைக்குள் போனதும் முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. ஒளிபரப்பில் ஃபாஸ்டரிடமிருந்து வெடித்த கூக்குரல் ஜானி வாரனின் பெயர்தான். அடித்தவர் பெயரையோ நாட்டின் பெயரையோ கத்தியிருக்கலாம். இறந்து ஓராண்டான ஒரு முன்னோடியின் பெயரைக் கத்தினார். நிதானம் தவறிய வர்ணனை என்று யாரும் சொல்லலாம். ஆனால் ஒளிபரப்பு என்பது அவருக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தக் கணம் காட்டிக்கொடுத்தது: ஓர் இயக்கத்தின் தொடர்ச்சி.

அந்த வேகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2006-இல் ஆஸ்திரேலிய இளையோர் அணி அடுத்த ஆண்டின் இளையோர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறத் தவறியது. அணியின் பயிற்சியாளர் ஏஞ்ச் போஸ்டெகோக்லுவை எஸ்பிஎஸ் நிகழ்ச்சிக்கு அழைத்து நேரலையில் ஃபாஸ்டர் குறுக்கு விசாரணை செய்தார். பொறுப்பேற்றுப் பதவி விலக வேண்டாமா என்று நேரடியாகவே கேட்டார். இருவரும் குரலை உயர்த்திய அந்தப் பேட்டி இன்றும் பார்க்கப்படுகிறது. போஸ்டெகோக்லு, கிரேக்கத்திலிருந்து சிறுவனாக வந்து மெல்பர்னில் கிரேக்கரின் சங்கத்தில் வளர்ந்தவர். சீக்கிரமே அந்தப் பதவியை இழந்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு 2015 ஆசியக் கோப்பையையும், 2025-இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீகையும் வென்று கொடுத்தார். அன்று அரங்கில் கடினமாகப் பேசிய விமர்சகரின் மதிப்பீட்டைக் காலம் திருத்தி எழுதிவிட்டது. தன் தீர்ப்பில் ஐயமே இல்லாதவர் மற்றவரைக் காயப்படுத்துவார் என்பதற்கு அந்தப் பேட்டி சான்று. அதே குணம், அதே விடாப்பிடி, தன்னைவிடப் பன்மடங்கு வலிமையான எதிரியிடம் திரும்பியபோது என்ன ஆனது என்பதைத்தான் 2018-இன் இறுதியில் உலகம் பார்த்தது.

ஹக்கீம் அல் அரைபி பஹ்ரைனின் தேசிய அணிக்கு ஆடியவர். அரபு எழுச்சியின் அலை அந்நாட்டைத் தொட்ட பின், 2012-இல் கைது செய்யப்பட்டார். காவலில் அடித்துச் சித்திரவதை செய்தார்கள் என்பது அவர் வாக்குமூலம். காவல் நிலையம் ஒன்றைச் சேதப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் தான் ஆடிய ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் இல்லாமலேயே 2014-இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஆஸ்திரேலியாவுக்குத் தப்பி வந்தார். 2017-இல் அகதி என்ற ஏற்பு கிடைத்தது. மெல்பர்னின் பாஸ்கோ வேல் என்ற உள்ளூர் அணிக்கு ஆடினார். இதற்கிடையே 2016-இல், ஆசியக் கூட்டமைப்பின் தலைவரும் பஹ்ரைன் அரச குடும்பத்தவருமான ஷேக் சல்மான் பின் இப்ராஹிம் அல் கலீஃபா உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தலைவர் தேர்தலில் நின்றபோது, வீரர்கள் சிறைப்பட்டபோது அவர் காப்பாற்றவில்லை என்று அல் அரைபி வெளிப்படையாகக் குறை சொல்லியிருந்தார்.

2018 நவம்பர் 27 அன்று மனைவியோடு தேனிலவுக்காகப் பாங்காக் விமான நிலையத்தில் இறங்கியவரைத் தாய்லாந்து அதிகாரிகள் பிடித்தார்கள். பஹ்ரைன் கேட்டு இன்டர்போல் பிறப்பித்த சிவப்பு அறிவிக்கைதான் காரணம். அகதியாக ஏற்கப்பட்டவர் மீது, அவர் தப்பி வந்த நாட்டின் கோரிக்கையை ஏற்று அப்படி அறிவிக்கை பிறப்பிக்கக் கூடாது என்பது இன்டர்போலின் சொந்தக் கொள்கை. அறிவிக்கை சில நாட்களில் நீக்கப்பட்டது. ஆனால் ஆள் சிறையில்தான் இருந்தார். இதில் ஆஸ்திரேலியாவின் கையும் கறைபட்டிருந்தது. அவர் பயணம் செய்கிறார் என்று தாய்லாந்துக்குத் தகவல் கொடுத்ததே ஆஸ்திரேலியக் காவல்துறையின் இன்டர்போல் பிரிவு. அவர் பாதுகாப்பு விசா பெற்றவர் என்ற விவரத்தை எல்லைப் படை அலுவலர் ஒருவர் உரிய நேரத்தில் மின்னஞ்சலில் அனுப்பத் தவறியது பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது.

ஃபாஸ்டருக்கு அல் அரைபியை முன்பின் தெரியாது. பாங்காக் சிறையின் பார்வையாளர் அறையில்தான் முதன்முதலில் முகம் பார்த்தார். அவர் என்ன செய்தார் என்பதைவிட எப்படிச் செய்தார் என்பது ஆராயத்தக்கது.

கருணை காட்டுங்கள் என்று கேட்பதுதான் எளிய வழி. பிரபலங்கள் பொதுவாக அதைத்தான் செய்வார்கள். ஃபாஸ்டர் வீரர்கள் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர்; ஒப்பந்தம், விதி, உரிமை ஆகிய மொழியில் பேசிப் பழகியவர். ஃபிஃபா தன் அமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் மனித உரிமைகளை மதிப்பதாக எழுதி வைத்திருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ரகியின் அறிக்கைக்குப் பிறகு 2017-இல் தனியாக ஒரு மனித உரிமைக் கொள்கையையும் வெளியிட்டது. எழுதி வைத்ததை நிறைவேற்று என்பதே ஃபாஸ்டரின் கோரிக்கை. உலக வீரர்கள் சங்கத்தின் பிரெண்டன் ஷ்வாப்புடன் 2019 ஜனவரி இறுதியில் ஜூரிச்சுக்குப் போய், ஃபிஃபாவின் பொதுச் செயலாளர் ஃபாத்மா சமூராவைச் சந்தித்தார். பஹ்ரைன், தாய்லாந்து கால்பந்து அமைப்புகள் மீது தடை விதிப்பதை முன்னே வைத்தார். இரங்கத் தேவையில்லை, உங்கள் விதிப்புத்தகத்தைத் திறந்தால் போதும் என்ற நிலைப்பாட்டுக்கு எதிர்வாதம் சொல்வது கடினம்.

அந்த ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆசியக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. ஒரே பிரிவில் இடம்பெற்ற பஹ்ரைனும் தாய்லாந்தும் ஜனவரி 10 அன்று துபாயில் மோதின. ஒரு நாட்டின் கோரிக்கையால் மற்ற நாட்டின் சிறையில் ஒரு கால்பந்து வீரர் இருக்க, இரு அணிகளும் வரிசையாக நின்று நாட்டுப்பண் பாடிக் கைகுலுக்கின. ஆசியக் கால்பந்தின் தலைமை பல வாரம் வாய் திறக்கவில்லை. அழுத்தம் முற்றிய பிறகு, முரண்பட்ட நலன்களைத் தவிர்க்க மேற்காசிய விவகாரங்களிலிருந்து ஷேக் சல்மான் முன்பே விலக்கப்பட்டுவிட்டார், பொறுப்பு துணைத் தலைவர் பிரஃபுல் படேலிடம் இருக்கிறது என்று கூட்டமைப்பு விளக்கியது. அப்போது இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர் பிரஃபுல் படேல். ஆசியா முழுக்கப் பேசப்பட்ட இந்த விவகாரத்தின் கோப்பு அப்படி இந்தியர் ஒருவர் மேசைக்கும் வந்தது. நம் விளையாட்டுப் பக்கங்களில் அது பெரிதாகப் பேசப்படாதது எனக்கு வருத்தம்.

பிப்ரவரி 4 அன்று அல் அரைபியைக் கால் விலங்கோடு, வெறுங்காலுடன் நீதிமன்றத்துக்கு நடத்திச் சென்றார்கள். பஹ்ரைனுக்கு அனுப்பாதீர்கள் என்று அவர் கூவியது படம் பிடிக்கப்பட்டது. பந்தை உதைக்கும் கால்களில் சங்கிலி இருந்த அந்தப் படம் செய்த வேலையை எந்த அறிக்கையும் செய்திருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் 23 வயதுக்குட்பட்டோர் அணி தாய்லாந்தில் நடத்தவிருந்த பயிற்சியை ரத்துசெய்தது. முந்தைய ஆண்டு தாய்லாந்தின் குகையில் சிக்கிய சிறுவர் கால்பந்து அணியை மீட்ட ஆஸ்திரேலிய முக்குளிப்பாளர்கள் ரிச்சர்ட் ஹாரிஸும் கிரேக் சாலனும் அந்நாட்டுப் பிரதமருக்கு எழுதினார்கள். பிப்ரவரி 11 அன்று பஹ்ரைன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. மறுநாள் அல் அரைபி மெல்பர்னில் இறங்கினார். சிறையில் கழித்தவை 76 நாட்கள். ஒரு மாதம் கழித்து ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றார்.

இத்தனையும் ஃபாஸ்டர் ஒருவரால் நடந்ததல்ல. பஹ்ரைனிலிருந்து வெளியேறி வந்த செயற்பாட்டாளர்கள், சர்வதேச மன்னிப்புச் சபை, வீரர்கள் சங்கங்கள், ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறை என்று பலர் உழைத்தார்கள். ஆனால் தினமும் காலையில் ஒரு தொலைக்காட்சி, மதியம் ஒரு வானொலி, இரவில் இன்னொரு நாட்டின் செய்தி நிலையம் என்று பேசிப் பேசிச் செய்தியைச் சாகவிடாமல் வைத்திருந்தது ஒளிபரப்பாளர் கற்ற வித்தை. ஒரு விஷயம் பத்து நாளில் பழசாகிவிடும் என்பதும், புதிய செய்தி இல்லாத நாளில் புதிய கேள்வியாவது வேண்டும் என்பதும் அரங்கில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். அந்த 2006 பேட்டியில் தென்பட்ட அதே பிடி இங்கே ஒருவர் உயிரைக் காத்தது.

இங்கேதான் ஒரு நெருடலான கேள்வி எழுகிறது. அல் அரைபி கால்பந்து வீரராக இல்லாமல் தச்சராக இருந்திருந்தால்? 2013 ஜூலையில் எடுத்த முடிவின்படி, படகில் வந்தவர் எவரையும் தன் மண்ணில் குடியமர்த்த ஆஸ்திரேலியா மறுத்தது. நவுருவிலும் பப்புவா நியூ கினியின் மானஸ் தீவிலும் ஆயிரக்கணக்கானோரை அடைத்தது. அவர்களில் ஈழத் தமிழரும் இருந்தார்கள். குவீன்ஸ்லாந்தின் பிலோயலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று 2019 ஆகஸ்டில் கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டதும், அந்த ஊர் மக்கள் விடாமல் போராடி 2022 ஜூனில் அவர்களை வீட்டுக்கு வரவழைத்ததும் தமிழ் வாசகர்கள் அறிந்ததே. வீரருக்காக நாடே திரண்டபோது தீவுகளில் கிடந்தவர்களுக்காகத் திரண்டவர்கள் சிலரே. விளையாட்டின் ஒற்றுமை தன் ஆட்களை மட்டும் அணைத்துக்கொள்ளும் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

ஃபாஸ்டர் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை என்பது அவர் மேல் என் மதிப்பைக் கூட்டுகிறது. வீரர் விடுதலையானதும் வந்த புகழை வைத்து, தீவுகளில் இருப்பவர்கள் பக்கம் திரும்பினார். ஆண்டுக்கு 150 அகதிகளை நாங்கள் ஏற்கிறோம் என்று நியூசிலாந்து 2013 முதல் சொல்லிக்கொண்டிருந்தது, ஆஸ்திரேலியா மறுத்துக்கொண்டிருந்தது. அதை ஏற்கச் சொல்லி, ஆட்டம் முடிந்தது என்ற பெயரில் ஒரு பிரச்சார இயக்கத்தை முன்னெடுத்தார். இம்முறை எதிரில் இருந்தது தொலைதூர அரச குடும்பம் இல்லை. தன் பார்வையாளர்களில் பலர் வாக்களித்த அரசு. படகு அகதிகள் மீதான கடுமை ஆஸ்திரேலியத் தேர்தல்களில் வாக்கு சேர்த்துக் கொடுத்த கொள்கை. அல் அரைபிக்காகக் கைதட்டியவர்களில் ஒரு பகுதியை இழக்கும் துணிச்சல் இதற்கு வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் அரசு நியூசிலாந்தின் வாய்ப்பை ஏற்றது: மூன்றாண்டில் 450 பேர். அகதிகளும் வழக்கறிஞர்களும் பல்லாண்டு தொடர்ந்து கொடுத்த அழுத்தத்தின் பலன் அது. ஒன்பதாண்டு தாமதம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2020-இல் கொரோனா வந்தபோது அவர் தொடங்கியது இன்னும் தரையோடு ஒட்டிய வேலை. ஆட்டங்கள் நின்றுபோனதால் நாடெங்கும் விளையாட்டு வீரர்களும் சங்கங்களின் தொண்டர்களும் கைகட்டி வீட்டில் இருந்தார்கள். மறுபக்கம் உணவுப் பொட்டலம் கட்டவும் முதியவர் வீட்டுக்குக் கொண்டுபோகவும் ஆள் போதாமல் தொண்டு நிறுவனங்கள் திண்டாடின. வழக்கமான தன்னார்வலர்களில் வயதானவர்கள் தொற்றுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தார்கள். இரண்டையும் இணைத்ததுதான் உயிர்களுக்காக ஆடுவோம் என்ற பொருள் தரும் அவருடைய திட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்தும் உள்ளூர்ச் சங்கத்திடம் கூடம் இருக்கிறது, தொலைபேசி எண்கள் இருக்கின்றன, பல மொழி பேசும் அம்மாக்களும் அப்பாக்களும் இருக்கிறார்கள். அரசு அலுவலகம் எட்டாத குடும்பத்தை அது எட்டும். சிட்னி குரோவாசியாவில் ஆடி வளர்ந்தவருக்கு அது தானாகத் தெரிந்திருக்கும். 2022-இல் வரலாறு காணாத வெள்ளம் லிஸ்மோரை மூழ்கடித்தபோது பிறந்த ஊரின் நிவாரண வேலையிலும் இறங்கினார்.

2020-இல், ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, எஸ்பிஎஸ்ஸிலிருந்து விலகினார். ஒளிபரப்பாளராக இருந்துகொண்டு அரசியல் கொதிக்கும் விஷயங்களில் பேசுவது எவ்வளவு தூரம் இயலும் என்பது இந்தத் தொழிலின் தீராத சிக்கல். எஸ்பிஎஸ்ஸே அதற்கு உதாரணம். 2015 ஏப்ரலில், போரில் இறந்த வீரர்களை நாடு நினைவுகூரும் அன்சாக் நாளைப் பற்றித் தன் ட்விட்டர் கணக்கில் கடுமையாக எழுதிய கால்பந்துச் செய்தியாளர் ஸ்காட் மெக்கின்டயரை அது வேலைநீக்கம் செய்தது. இங்கிலாந்தில் 2023 மார்ச்சில் அரசின் அகதிக் கொள்கையை விமர்சித்த முன்னாள் வீரர் கேரி லினேகரை பிபிசி திரையிலிருந்து இறக்கியது. சக வர்ணனையாளர்கள் இயன் ரைட்டும் ஆலன் ஷியரரும் உடன் வெளியேற, அந்த வாரச் சனிக்கிழமை நிகழ்ச்சி தொகுப்பாளரோ வர்ணனையோ இல்லாமல் இருபது நிமிடத்தில் முடிந்தது. சில நாட்களில் பிபிசி இறங்கிவந்தது.

இந்த மூன்றையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படுகிறது. பிபிசியைப் பின்வாங்கச் செய்தது லினேகரின் நட்சத்திர அந்தஸ்தும் உடன் நின்றவர்களின் ஒற்றுமையும். மெக்கின்டயருக்கு இரண்டும் இல்லை. களத்தில் சம்பாதித்த பெயர் ஒருவருக்குத் தரும் பேச்சுச் சுதந்திரம், அதே அலுவலகத்தில் செய்தி எழுதுபவருக்குக் கிடைப்பதில்லை. முன்னாள் வீரர் மௌனமாக இருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் அந்தக் கூடுதல் உரிமை வீணாகப் போகிறது என்றே நான் நினைக்கிறேன். ஃபாஸ்டர் அதை வீணாக்கவில்லை. பின்னர் 2021 முதல் வேறொரு நிறுவனத்தில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஒளிபரப்புக்காக மீண்டும் திரைக்கு வந்தார். அரசியல் பேச்சை அதற்காகக் குறைத்துக்கொள்ளவில்லை. 2022-இன் இறுதியில் ஆஸ்திரேலியக் குடியரசு இயக்கத்தின் தலைமையை ஏற்றார். நியூ சவுத் வேல்ஸ் மாநில அளவில் 2023-ஆம் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் விருது அவருக்குக் கிடைத்தது.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் வசமானபோது ஆப்கன் பெண்கள் கால்பந்து அணியின் வீராங்கனைகள் தங்கள் படங்களையும் சீருடைகளையும் ஒளித்துக்கொண்டு வீடு மாறித் திரிந்தார்கள். டென்மார்க்கில் வாழும் அணியின் முன்னாள் தலைவி காலிதா போபல், சர்வதேச வீரர்கள் சங்கம், வழக்கறிஞர்கள் ஆகியோரோடு சேர்ந்து அவர்களை வெளியே கொண்டுவர உழைத்தவர்களில் ஃபாஸ்டரும் இருந்தார். விமான நிலைய வாசலின் நெரிசலைத் தாண்டி, வீராங்கனைகளும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 75 பேர் ஆஸ்திரேலிய விமானத்தில் ஏறினார்கள். அவர்களில் பலர் மெல்பர்னில் மறுபடியும் ஓர் அணியாகப் பயிற்சி தொடங்கினார்கள். தங்களை ஆப்கானிஸ்தானின் அணியாக ஏற்க வேண்டும் என்று ஃபிஃபாவைக் கேட்டார்கள். நாட்டின் கால்பந்துச் சம்மேளனம் ஏற்காத அணியைத் தான் ஏற்க இயலாது என்று ஃபிஃபா சொன்னது. அந்தச் சம்மேளனம் தாலிபான் ஆட்சியின் கீழ் இருந்தது. 2023-இல் பெண்கள் உலகக் கோப்பை அவர்கள் வாழும் ஆஸ்திரேலியாவிலேயே நடந்தபோது, அவர்கள் பார்வையாளர்களாகத்தான் இருக்க முடிந்தது.

ஷேக் சல்மான் 2019 ஏப்ரலில், அல் அரைபி விடுதலையான இரண்டே மாதத்தில், ஆசியக் கூட்டமைப்பின் தலைவராக எதிர்ப்பின்றி மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023-இலும் அப்படியே. ஆப்கன் பெண்களின் அகதி அணிக்கு ஃபிஃபா 2025 மே மாதத்தில் ஒப்புதல் தந்தது, காபூல் வீழ்ந்து நான்காம் ஆண்டில். அவர்கள் எடுத்துக்காட்டிய விதி அதற்கு முன்பும் ஃபிஃபாவின் புத்தகத்தில் இருந்ததுதான்: பாலினத்தின் பேரால் பாகுபாடு கூடாது.